பதினோராவது அடுப்பு

போன மாதம் சந்தைக்குப் பக்கத்து வாசிகசாலையில் ஒரு கூட்டம் நடந்தது. சுதந்திரம் கிடைத்து ஒரு வருசம் ஆனதைக் கொண்டாடுகிற கூட்டம். மாலையும் கழுத்துமாக ஒரு பெரிய மனுசர் எழும்பி, யுத்த காலத்தில் எங்கள் பகுதியில் ஒருவர்கூடப் பட்டினி கிடக்கவில்லை, ஏழை எளியதுகளை நாங்கள் எல்லோரும் தாங்கினோம் என்று வாய் கூசாமல் சொன்னார். சனம் கைதட்டியது. நான் கடைசி வாங்கில் இருந்தேன். பக்கத்தில் இருந்த அருளம்பலம் என் முழங்கையைப் பிடித்து இருத்தியிருக்காவிட்டால் எழும்பிக் கத்தியிருப்பேன். கத்தியிருந்தால், இருமல் இராசநாயகத்துக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்லி என்னை வெளியே கொண்டுபோய் விட்டிருப்பார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்தைப் பிடித்து வெளியே விடுவது கொஞ்சம் கடினம்.

யார் யாரைத் தாங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். தாங்கியவள் பெயர் மார்கிரட். குருநகரில் பிறந்த மீன்காரி. வாசிகசாலைக் கூட்டத்தில் அவள் பெயரைச் சொன்னால் அது யார் என்று கேட்பார்கள்.

அவளுடைய புருசன் சந்தியோகு ஒரு கார்த்திகையில் கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. குடிசை இருந்த நிலம் வேறொருவருடையது. சந்தியோகு வரமாட்டான் என்பது உறுதியானதும் காணிக்காரர் அந்த இடத்தில் மீன் காயவைக்கிற வாடி போடவேண்டும் என்று சொல்லி, அவளுடைய சட்டி பானையைத் தெருவில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவள் அந்தச் சட்டி பானையைக் கடகத்தில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு, தினமும் மீன் விற்க நடந்த அதே ஏழு மைலையும் நடந்து சுன்னாகத்துக்கு வந்தாள். சந்தைக்குப் பின்னால், ரயில் பாதைப் பக்கமாக, முன்பு வெங்காயம் போட்டு வைத்த ஒரு கொட்டில் கிடந்தது. பாதிக் கூரையில் கிடுகு இருந்தது, மீதிப் பாதியில் வானம் தெரிந்தது. அதற்குள் ஏற்கெனவே இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் படுத்திருந்தார்கள். மார்கிரட் நடுவில் மூன்று கல்லை வைத்துப் பானையை ஏற்றினாள். கஞ்சி கொதித்ததும் இரண்டு பேரையும் எழுப்பினாள். தொடக்கம் அவ்வளவுதான். எந்தச் சங்கமும் கூடித் தீர்மானம் போடவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒன்பது பேர் இருந்தார்கள். அதற்கு முன்னால் நான் ஒரு சுருட்டுக் கொட்டிலில் பேப்பர் வாசிக்கிறவனாக இருந்தேன். சுருட்டுச் சுற்றுகிறவர்கள் குனிந்த தலை நிமிராமல் சுற்றுவார்கள், நான் உயரமான வாங்கில் இருந்து உலகச் செய்தி முழுக்க அவர்கள் காதில் போடுவேன். புகையிலைத் தூள் நெஞ்சுக்குள் போய் இருமல் பிடித்தது. தமையன் பெண்சாதி அதைச் சயரோகம் என்று முடிவு கட்டினாள். என் பாயும் தலையணையும் படலைக்கு வெளியே வந்தன. அதன் பின்னால் நானும் வந்தேன். நாற்பது வயது ஆம்பிளை, நாலு எழுத்துப் படித்தவன், ஸ்டேசன் வாங்கில் குந்தியிருந்தேன். தெரிந்தவர்கள் எல்லோரும் ரயில் நேரம் பார்க்கிறவர்கள்போல என்னைத் தாண்டிப் போனார்கள்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவன் அருளம்பலம். மாடும் வண்டிலும் போய், கால் ஒன்று நொண்டியாகிப்போன வண்டில்காரன். அந்தக் கொட்டிலில் மார்கிரட் வைத்த முறை ஒன்று இருந்தது. புதிதாக ஒருவர் வந்தால், அவருக்கு முன் கடைசியாக வந்தவர்தான் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கே குளிக்கலாம், எந்தக் கடைக்காரன் நாய் மாதிரிக் குரைப்பான், பொலிசு வரும் நாள் எது என்று அவர்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். மூத்தவர்களுக்கு அந்த வேலை கிடையாது. வந்த அன்றைய வெட்கம் கடைசியாக வந்தவருக்குத்தான் இன்னும் ஆறாமல் இருக்கும், அவருக்குத்தான் பதமாகப் பேசத் தெரியும் என்பது அவளுடைய கணக்கு. இன்னொன்று, எவடம், ஆர் பகுதி என்று சாதியைத் துருவிப் புதியவரிடம் யாரும் கேட்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனிடம் அதைக் கேட்காதே என்பது மூச்சு விடாதே என்பது போல. ஆனாலும் கேட்காமல் இருந்தார்கள். வேலைவெட்டி இல்லாமல் திரிகிறவன் என்று பொலிசு பிடிக்கிற காலம் அது. அதனால் ஒருவரும் வெறுங்கையோடு சந்தைக்குள் போவதில்லை. ஒரு கடகமோ விளக்குமாறோ கையில் இருக்கும், கடகத்துக்குள் திரும்பி வரும்போது வெங்காயத்தாளும் அடிபட்ட கத்தரிக்காயும் இருக்கும். எல்லாம் அந்த ஒரே பானைக்குள் போகும்.

அந்தப் பானைக்கு முன்னால்தான் நான் முரண்டு பிடித்தேன். நான் வெள்ளாளன். கரையார்ப் பெண் ஆக்கியதை, யார் யாரோ கை நனைத்த பானையிலிருந்து எப்படி உண்பது? மூன்று நாள் தண்ணீரும் வாழைப்பழமுமாகக் கிடந்தேன். வீடு இல்லை, வேலை இல்லை, படுக்கப் பாய் இல்லை, சாதி மட்டும் பத்திரமாக இருந்தது. இதை எழுதும்போது எனக்கே என்னை ஒரு அறை அறைய வேண்டும்போல இருக்கிறது. அருளம்பலம் பக்கத்தில் இருந்து வயிறு நிறைந்து ஏவறை விட்டுக்கொண்டே, தானும் இப்படித்தான் கிடந்ததாகவும், ஆனால் இரண்டு நாள்தான் என்றும், நான் அவனை வென்றுவிட்டேன் என்றும் பகிடி பண்ணினான்.

நாலாம் நாள் காலையில் மார்கிரட் என் முன்னால் வந்து நின்றாள். அவளைப்போன்றவர்கள் என்னைப்போன்றவர்களை ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அப்படிக் கூப்பிடவில்லை.

“தம்பி, உங்களைத் தின்னச் சொல்லி நான் கேக்கேல்லை. எனக்குக் கை ஏலாமல் கிடக்கு. பானையைக் கழுவித் தாங்கோ, அது காணும்.”

கழுவினேன். அடியில் பிடித்த சோற்றைச் சுரண்டிக் கழுவுகிறவன் எவ்வளவு நேரம் வீம்பு காட்ட முடியும்? சுரண்டியதை வாயில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், பார்க்காததுபோல இருந்திருக்கிறார்கள். அன்று மத்தியானம் எனக்கும் பனையோலையில் ஒரு பிளா மடித்துக் கஞ்சி ஊற்றித் தந்தார்கள். அன்றிலிருந்து அவள் எனக்கு மார்கிரட் அக்கா.

எனக்குப் பின்னால் வந்தவள் பராசக்தி. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு, யாருடைய பெயரையும் சொல்லாமல் வந்தாள். முறைப்படி அவளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சுருட்டுக் கொட்டில் வாசகனுக்கு வந்த வேலையைப் பாருங்கள். குளிக்கிற இடம், குரைக்கிற கடை, பொலிசு வரும் நாள் எல்லாம் சொன்னேன். பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் பழைய பேப்பர் ஒன்றை எடுத்து வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள், ஒரு மாதத்தில் அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டில் யப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான், அரிசிக் கப்பல் வருவது நின்றது. அரசாங்கம் கூப்பன் புத்தகம் கொடுத்து அளந்து அரிசி தர ஆரம்பித்தது. கூப்பன் இல்லாதவனுக்கு அரிசி இல்லை. அதுவரையில் மூட்டை தூக்கியும் சாக்குத் தைத்தும் எப்படியோ கையளவு அரிசி கொண்டுவந்து பானையில் போட்டவர்கள் நாங்கள். இப்போது கூலியாகக்கூட யாரும் அரிசி தரமாட்டார்கள். பராசக்திக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள். வெங்காயத்தாளைத் தின்று எந்தத் தாய்க்குப் பால் சுரக்கும்?

கூப்பனுக்குப் பெயர் எழுதுகிறவர் ஊர்த் தலைமைக்காரரான விதானையார். அவருடைய பெயர் சொல்ல மாட்டேன், பிள்ளைகள் நல்லவர்கள். நானும் மார்கிரட் அக்காவும் போய் அவருடைய வாசலில் நின்றோம். வளவின் பெயர் என்ன, அடுப்பு எத்தனை என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு பெயர் இருக்கும், மனுசரை அந்தப் பெயரை வைத்துத்தான் அடையாளம் பிடிப்பார்கள். ஒரு அடுப்பு என்றால் ஒரு குடும்பம். எங்களுக்கு வளவும் இல்லை, குடும்பமும் இல்லை. எழுதித் தாருங்கள் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

எழுத்து என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்தது. இரண்டு நாள் இருந்து ஒரு மனு எழுதினேன். ‘சாதி சமய பேதமின்றி ஒரே அடுப்பில் ஆக்கி ஒரே பானையில் உண்ணும் பதினொரு பேராகிய நாங்கள்’ என்று தொடங்கும். எல்லோரையும் இருத்தி, பழைய வாங்குக் குரலில் வாசித்துக் காட்டினேன். அருளம்பலம் கண்ணைத் துடைத்தான். மார்கிரட் அக்கா மட்டும், பானையைப் பற்றி எழுதத்தான் வேணுமோ தம்பி என்று மெல்லக் கேட்டாள். அதுதான் மனுவின் உயிர் என்று சொன்னேன்.

விதானையார் மனுவை ஒருமுறைதான் வாசித்தார். பிறகு முதல் வரியில் விரலை வைத்தார்.

“ஒரே அடுப்பெண்டு நீரே கையொப்பம் வைச்சுத் தந்திருக்கிறீர். கண்ட கண்ட சாதியும் ஒரு பானையிலை திண்டால் அது குடும்பமோ? மடத்துக்குக் கூப்பன் இல்லை. குடும்பத்துக்குத்தான். அடுப்பைக் காட்டும், எழுதிறன்.”

என் அழகான தமிழால் பதினொரு பேரின் வயிற்றில் நானே அடித்தேன். பெருமை பிடித்தவனுடைய எழுத்து அப்படித்தான். நான் திரும்பி வந்து தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தேன். மார்கிரட் அக்கா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. நாளைக்குப் பதினொரு அடுப்பு வைப்போம் என்றாள்.

நான்தான் கூடாது என்றேன். வேடிக்கையைப் பாருங்கள், மூன்று நாள் அந்தப் பானையைத் தொடாமல் கிடந்தவன், இப்போது பானையைப் பிரிக்கக்கூடாது என்று நியாயம் கதைத்தேன். பிரித்தால் மனமும் பிரிந்துபோகும் என்றேன். அவள் பராசக்தி இருந்த மூலையைக் காட்டினாள்.

“அடுப்பைப் பிறகு சேர்க்கலாம் தம்பி. அவளுக்குப் பால் வத்தினால் அதை என்னெண்டு சேர்க்கிறது?”

ரயில் பாதை ஓரத்திலிருந்து கல் பொறுக்கினோம். ஆளுக்கு மூன்று கல். கொட்டிலுக்குள் ஆறு, வெளியே வேலியோரமாக ஐந்து. கிழிந்த சாக்கை இடையில் தொங்கவிட்டு வீடு பிரித்தோம். விதானையார் கேட்பாரே என்று வளவுக்குப் பெயரும் வைத்தோம். அருளம்பலம் தன்னுடையதற்கு வண்டிலடி என்று வைத்தான், மாடு இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கும் என்றான். பராசக்தி பிள்ளைவளவு என்றாள். மார்கிரட் அக்கா தன்னுடையதைக் கடலடி என்றாள். ஏழு மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடல்.

விதானையார் அடுத்த நாள் காலையில் குடை பிடித்துக்கொண்டு வந்தார். பதினொரு அடுப்பும் புகைந்தன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு சட்டியில் வெறும் தண்ணீர் கொதித்தது. அவர் பெயர் எழுதிக்கொண்டு போனார். பராசக்தியின் அடுப்புக்கு வந்ததும் நின்று, பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்தாள். இரண்டாம் முறையும் சத்தமாகக் கேட்டார். சந்தைக்குப் போகிற சனம் வேலிக்கு அப்பால் நின்று பார்க்கத் தொடங்கியது.

“விதானையார், நீங்கள் பிள்ளைக்கு அரிசி எழுத வந்தனீங்களோ, தகப்பனை எழுத வந்தனீங்களோ?” என்று கேட்டாள் மார்கிரட் அக்கா.

வேலிக்கு அப்பால் யாரோ சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு எமனாக வந்தது. விதானையார் பராசக்தியையும் பிள்ளையையும் பேசாமல் எழுதினார். மற்ற எல்லோரையும் எழுதினார். பதினோராவது அடுப்புக்கு வந்ததும் பேனையை மூடினார்.

“நீ குருநகர்க்காரி. உன்ரை அடுப்பு அங்கை. அங்கை போய்ப் பதி.”

நான் வாய் திறக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கினேன். சத்தம் போட்டால் பத்துப் பெயரையும் கீறி அழித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த நாள் விடிய அவள் குருநகருக்கு நடந்து போனாள், பின்னேரம் வந்தாள். அங்கே எழுதிவிட்டார்கள், புத்தகம் வரும், அதுவரைக்கும் அங்கே சொந்தக்காரி ஒருத்தி அரிசி தருவாள் என்றாள். சொந்தக்காரி இருந்தால் ஏழு வருசம் இந்தக் கொட்டிலில் ஏன் கிடந்தாள்? அதை யாரும் யோசிக்கவில்லை. நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

பத்துப் புத்தகம் வந்தது. அரிசி வந்தது. முதல் நாள், விதானையாருடைய ஆள் வந்து பார்ப்பான், ஒரு நாளைக்குத் தனித்தனியாகவே ஆக்குவோம் என்றோம். இரண்டாம் நாளும் அதையே சொன்னோம். நாலாம் நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தன் பெயர் எழுதிய புத்தகம், தன் பங்கு அரிசி, தன் அடுப்பு. ஆளாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆக்கினோம். நானும்தான். பானையைப் பற்றி மனு எழுதிய இதே கையால் என் அரிசியை ஒரு தகரப் பேணியில் போட்டு மூடி, தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

மார்கிரட் அக்கா அந்த நாட்களில் காலையில் கடகத்தோடு போவாள், பொழுதுபடுகிற நேரத்தில் வருவாள். சாப்பிட்டாச்சோ என்று கேட்டால் ஓம் என்பாள். மெலிந்துகொண்டு போனாள். யுத்த காலத்தில் மெலியாதவர் யார் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அரிசி வந்த பத்தொன்பதாம் நாள் காலையில் பராசக்தியின் அடுப்பு அணைந்துபோனது. நெருப்புத் துண்டு ஒன்று எடுத்துவர அவள் ஒரு சிரட்டையோடு பதினோராவது அடுப்புக்குப் போனாள். போனவள் அங்கே நின்றபடியே என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன்.

சாம்பல் இல்லை. விதானையார் வந்த அன்று எரித்த இரண்டு சுள்ளியின் கரியை மழை கழுவிக்கொண்டு போயிருந்தது. மூன்று கல்லும் ரயில் பாதையிலிருந்து பொறுக்கிவந்த நிறத்தில் அப்படியே இருந்தன. மார்கிரட் அக்கா சாக்குக்குப் பின்னால் காய்ச்சலில் கிடந்தாள். அவளுடைய கடகத்துக்குள் காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் துண்டு இரண்டு கிடந்தது. குருநகரில் அவளை யாரும் எழுதவில்லை. ஏழு வருசமாக உனக்கு இங்கே அடுப்பு இல்லையே என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சொல்லியிருந்தால் பத்துப் பங்கைப் பதினொன்றாகப் பிரிப்போம், பராசக்திக்குக் குறையும் என்று சொல்லாமல் விட்டாளாம். இதை அவளிடமிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்க வேண்டியிருந்தது.

அன்றைக்கே எல்லோருடைய அரிசியையும் ஒரே பானையில் கொட்டிக் கஞ்சி வைத்தோம். இரண்டு நாள் குடித்தாள். மூன்றாம் நாள் குடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அருளம்பலம் நொண்டிக் காலோடு வீடு வீடாக வண்டில் இரவல் கேட்டான். ஒருவனுக்கு மாடு களைத்துவிட்டதாம், ஒருவனுக்கு இன்றைக்கு நாள் சரியில்லையாம், இன்னொருவன் அந்தக் கொட்டில் சனத்தை ஏற்றினால் பிறகு வண்டிலை எதனால் கழுவுவது என்று கேட்டானாம். ஏழை எளியதைத் தாங்கின ஊர் இதுதான், பெரிய மனுசரே. நாலாம் நாள் காலையில் ஒருவன் வண்டில் தந்தான். அப்போது அவளுக்கு அது தேவைப்படவில்லை.

கூப்பன் எழுத எங்களைத் தன் வாசலுக்கும் கொட்டிலுக்குமாக நடக்க வைத்த விதானையார், சாவு எழுத மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டார். நோய் என்ற இடத்தில் காய்ச்சல் என்று எழுதினார். பசி என்று எழுதினால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். பெயர் எழுதினார், வயது உத்தேசமாக எழுதினார். வதிவிடம் என்ற இடத்தில் ஒரு கணம்கூட நிற்காமல், இந்தக் குறிச்சி, ரயில் பாதையோரக் கொட்டில் என்று எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

“உயிரோடை இருக்கேக்கை இவ எங்கை இருந்தவ எண்டு உங்களுக்குத் தெரியேல்லை. இப்ப எப்பிடித் தெரிஞ்சது?” என்று கேட்டேன்.

அவர் தலை நிமிரவில்லை. “ஆள் எங்கை செத்ததோ அங்கைதான் எழுதவேணும். அதுதான் சட்டம்.”

அந்தத் துண்டின் பிரதி என்னிடம் இருக்கிறது. அரசாங்கக் கடதாசியில் அவளுக்குக் கிடைத்த ஒரே வீடு அதுதான். விதானையாரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. வண்டில் தராதவர்களையும் மன்னிக்கவில்லை. ஆனால் பத்தொன்பது நாள் எட்டடி தூரத்தில் என் பேணியை மூடி வைத்துக்கொண்டு, சாப்பிட்டாச்சோ என்று கேட்டு, ஓம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிப் படுத்தவன் நான். விதானையார் அவளுக்கு ஒருமுறைதான் பேனையை மூடினார். நான் ஒவ்வொரு நாளும் பேணியை மூடினேன்.

குருநகரிலிருந்து நாலு பேர் வந்து அவளைக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். நாங்கள் பத்துப் பேரும் அந்த ஏழு மைலும் நடந்தோம். திரும்பி வந்ததும் அருளம்பலம் தன் அடுப்பைக் காலால் தள்ளினான். பிறகு ஒவ்வொருவரும் தங்களுடையதைத் தள்ளினோம். பதினோராவது அடுப்பின் மூன்று கல்லை மட்டும் எடுத்துவந்து நடுவில் வைத்துப் பானையை ஏற்றினோம். விதானையாருடைய ஆள் இரண்டு தரம் வந்து ஏன் ஒரே அடுப்பு என்று கேட்டான். மற்ற அடுப்புகள் அவரவர் வளவுக்குள் இருக்கின்றன, நீர் போய்த் தேடிப் பாரும் என்று பராசக்திதான் சொன்னாள். பிள்ளை அவளுடைய இடுப்பில் இருந்தது.

கொட்டில் இன்னும் இருக்கிறது. இப்போது பதினான்கு பேர். கடைசியாக வந்தவர்தான் புதிதாக வருகிறவரைப் பார்த்துக்கொள்கிறார். ஒன்று மட்டும் கூடியிருக்கிறது: சாப்பிட்டாச்சோ என்று நாங்கள் யாரையும் கேட்பதில்லை, பிளாவை மடித்துக் கையில் கொடுத்து, உண்டு முடியும்வரை பக்கத்தில் இருக்கிறோம். பெரிய மனுசர் ஒருநாள் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அங்கே வரட்டும். அந்த மூன்று கல்லும் இப்போது நல்ல கறுப்பாக இருக்கின்றன.